அம்மாவின் கண்ணிமைக் கட்டி புற்றுநோய் என்று வந்திருக்கிறது. குடும்பத்தில் எல்லோரும் ஜீன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

கல்குளத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. வலது மேல் இமையில் ஒரு சின்னக் கட்டி. வலி கிடையாது. கண்கட்டி என்று நினைத்து நாமக்கட்டி உரசிப் போட்டார்கள். போகாததால் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிளினிக்கில் கீறி எடுத்தார்கள். எடுத்த சதையை எங்கேயும் அனுப்பவில்லை. அதே இடத்தில் திரும்ப வந்தது, திரும்பவும் கீறினார்கள். அப்போதும் அனுப்பவில்லை. அந்த இடத்தில் இமை மயிர் உதிர ஆரம்பித்த பிறகுதான் திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே பார்த்த டாக்டர் முதலில் பயாப்ஸி (கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது) என்றார். ரிப்போர்ட்டில் 'செபேசியஸ் கார்சினோமா'. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. வெட்டி எடுத்த சதையின் விளிம்புகளில் நோய் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

என் கேள்வி அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி. ரிப்போர்ட் பார்த்த டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டார். அம்மாவின் அம்மா கர்ப்பப்பைப் புற்றில் போனார். பெரிய மாமாவும் போய்விட்டார், 46 வயதில் பெருங்குடல் புற்று வந்து. சின்ன மாமா குளச்சலில் நன்றாக இருக்கிறார். இதைச் சொன்னதும் டாக்டர் ஒரு பேப்பரில் வட்டமும் சதுரமுமாக எங்கள் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். கட்டியில் ஒரு ஸ்பெஷல் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும், அதில் தெரிவதைப் பொறுத்து அம்மாவுக்கு ரத்தத்தில் ஜீன் டெஸ்ட் என்றார்.

இமையில் வந்த கட்டிக்கும் மாமாவின் குடலுக்கும் என்ன சம்பந்தம்? நானும் தங்கச்சியும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? வீட்டில் எல்லோரும் 'வந்தால் பார்த்துக்கொள்ளலாம், சும்மா இருக்கிற சங்கை ஊதாதே' என்கிறார்கள்.

நெய்யூர் அக்கா

தம்பி, அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே பெரிய விஷயம். நான் ஓய்வுபெற்ற நர்ஸ். எங்கள் வார்டில் இந்தக் கதையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: கண்கட்டி, கீறல், திரும்ப வருதல், திரும்பக் கீறல். இங்கே படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன், ஒரே இடத்தில் இரண்டாம் தடவை வருகிற கண்கட்டியைக் கீறினால், அந்தச் சதை பேத்தாலஜிக்கு (சதையைச் சோதிக்கிற லேபுக்கு) போக வேண்டும். ஆஸ்பத்திரி அனுப்பாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து எரிகிறது, சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை என்றாலும் அப்படித்தான்.

ஜீன் விஷயத்தை டாக்டர் யாராவது சொல்லட்டும். நான் சொன்னால் பாதி தப்பாக இருக்கும்.

குழித்துறை டாக்டர்

தோல் மருத்துவர் நான், வெளியூரில் வேலை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செபேசியஸ் கார்சினோமா என்பது தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளில் வருவது. அந்தச் சுரப்பிகள் இமையில் அதிகம், அதனால் அங்கே வருவதுதான் வழக்கம். வெள்ளைக்காரர்களிடம் இது மிக அரிது. நம் நாட்டில் இமையில் வரும் புற்றுகளில் இதற்குக் கணிசமான பங்கு உண்டு. அதனால் முதல் விஷயம்: இமையில் மட்டும் வருகிற இந்தப் புற்றுகளில் பெரும்பாலானவை பரம்பரை அல்ல. அம்மாவின் கட்டி மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

உங்கள் பாட்டியும் பெரிய மாமாவும்தான் கணக்கை மாற்றுகிறார்கள். ஒரு செல் இரண்டாகும்போது டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்கிறது. எழுத்துப்பிழை வரும். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர் மாதிரி அதைத் திருத்துகிற புரதங்கள் இருக்கின்றன. முக்கியமானவை நான்கு: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2. இந்தத் திருத்தும் வேலை எப்படி நடக்கிறது என்று காட்டியதற்குத்தான் பால் மாட்ரிச்சுக்கு 2015-இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. இந்த நான்கில் ஒன்றின் ஜீன் பிறவியிலேயே அம்மா பக்கமோ அப்பா பக்கமோ ஒரு பக்கம் கெட்டுப்போய் வந்தால் அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். பெருங்குடல், கர்ப்பப்பையின் உள்வரி ஆகிய இரண்டும் அதில் முதலில் அடிபடும் இடங்கள். சிறுகுடல், சிறுநீர்க்குழாய், சினைப்பை போன்றவையும் உண்டு. அதே குடும்பங்களில் சிலருக்கு எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகளும் வரும். 1967-இல் மியூர், 1968-இல் டோரே என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக இதை எழுதினார்கள், அதனால் மியூர்–டோரே சிண்ட்ரோம் என்கிறோம். அதில் பெரும்பாலும் அடிபட்டிருப்பது எம்.எஸ்.எச்.2.

இமையையும் குடலையும் இணைப்பது அந்த ஜீன்தான். உடம்பின் எல்லா செல்லிலும் அது ஒரே மாதிரி இருக்கிறது.

அப்புறம், நீங்களும் தங்கச்சியும் இப்போது ரத்தம் கொடுக்க வேண்டாம். வரிசை இதுதான்: முதலில் அம்மாவின் கட்டி, பிறகு அம்மாவின் ரத்தம், அதில் ஏதாவது கிடைத்தால் மட்டும் நீங்கள். நோய் வந்தவரை விட்டுவிட்டு வராதவரைச் சோதித்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், அது நல்ல செய்தியா, தேட வேண்டிய இடத்தைத் தேடவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

ரப்பர் தோட்டம்

டாக்டர், கட்டியைத்தான் வெட்டி எடுத்துவிட்டார்களே. இனி எதில் சாயம் போடுவது?

குழித்துறை டாக்டர்

நல்ல கேள்வி. எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சின்ன வில்லையாக லேபில் வைத்திருப்பார்கள். 'பிளாக்' என்பார்கள். வருடக்கணக்கில் கெடாது. அதிலிருந்து மெல்லிசாகச் சீவி நான்கு புரதங்களுக்கும் சாயம் போட்டால், எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியும். எம்.எஸ்.எச்.2 இல்லாவிட்டால் அதோடு ஜோடியாக நிற்கிற எம்.எஸ்.எச்.6-உம் மறையும். எம்.எல்.எச்.1 போனால் பி.எம்.எஸ்.2 போகும்.

கட்டியில் புரதம் இல்லை என்பதால் மட்டும் பரம்பரை என்று முடிவு கட்டக்கூடாது. அந்தக் கட்டிக்குள் மட்டுமே ஜீன் கெட்டிருக்கலாம், தோல் கட்டிகளில் அது நடக்கும். அதனால்தான் அடுத்து ரத்தம். நான்கும் இருக்கிறது என்று வந்தாலும், இப்படி ஒரு குடும்ப வரலாறு இருக்கும்போது மரபியல் ஆலோசகரிடம் ஒரு தடவை பேசிவிடுவது நல்லது. பெரிய மாமாவின் பிளாக் எங்கேயாவது இருந்தால் அதுவும் உதவும்.

மருந்துவாழ்மலை

ஆளாளுக்கு வெட்டு, டெஸ்ட் என்று சொல்கிறீர்கள். எங்கள் ஊர் ஆசான் ஒருவர் காரம் (சதையைப் பொசுக்குகிற மருந்து) வைத்தே இப்படிப்பட்ட கட்டிகளை விழவைப்பார். கத்தி படாமல் போயிருக்கும்.

நெய்யூர் அக்கா

ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் அப்பாவின் தோள்பட்டை விலகினபோது ஒரு வர்மாணிதான் சரிசெய்தார். ஆனால் கட்டிக்குக் காரம் வைக்காதீர்கள். மேலே இருப்பது பொசுங்கி விழுந்துவிடும், அடியில் இருப்பது அங்கேயே இருந்து பரவும். போதாததற்கு, விழுந்த சதை கருகிப்போனால் அது என்ன கட்டி என்றே பிறகு யாராலும் சொல்ல முடியாது. இந்தத் தம்பியின் குடும்பத்தை இப்போது எச்சரித்ததே அந்தச் சதைதான். அதுவும் கண் பக்கத்தில் காரமா! வேண்டாம் சாமி.

முட்டம் கடலோடி

கேட்கிற இடம் இதுதானா தெரியவில்லை. எங்கள் அப்பாவுக்குப் பாதத்தில், குதிகால் பக்கம் ஒரு கறுப்பு இருந்தது. ஆணி என்று நினைத்து பிளேடால் சீவிக்கொண்டே இருந்தார். கடலுக்குப் போகிறவர், காலில் எப்போதும் ஏதாவது குத்தும், யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கடைசியில் மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்று) என்றார்கள், தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகு. போய்விட்டார். வெயிலில் நின்றதால்தானா? எங்களுக்கும் வருமா?

குழித்துறை டாக்டர்

வருத்தமாக இருக்கிறது அண்ணாச்சி.

வெயில் காரணம் இல்லை. மெலனோமா நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு அரிது, வந்தால் பாதம், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் பார்க்கிறோம். வெயில் படாத இடங்கள். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லி 1981-இல் 36 வயதில் இறந்தது இதே நோயால், கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கியது. பந்து விளையாடிய காயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

இந்த வகை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் மெலனோமா இல்லையென்றால் ஜீன் டெஸ்டுக்கு அலைய வேண்டாம். குளிக்கும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், போதும். பெரிதாகிற, ஓரம் ஒழுங்கில்லாமல் பரவுகிற, கசிகிற கறுப்பு என்றால் சீவாமல் காட்டுங்கள். நகத்தில் கறுப்புக் கோடு நம்மில் பலருக்குப் பல நகங்களில் இருக்கும், பயமில்லை. ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்கு இறங்கினாலோ உடனே காட்ட வேண்டும். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாமல் கிடக்கிற புண்ணும் அப்படித்தான், அதில் வேறு வகைப் புற்று வரும்.

சின்னவிளை

நீங்கள் எல்லோரும் ஜீன் ஜீன் என்று பேசுகிறீர்கள். மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. மோனசைட் தாது, அதில் தோரியம், கதிர்வீச்சு. எங்கள் கடற்கரையில் வீட்டுக்கு வீடு கேன்சர். இதையும் குடும்பக் குற்றமாக்கிவிட்டு அரசாங்கம் தப்பித்துக்கொள்ளும்.

குழித்துறை டாக்டர்

மணலில் தோரியம் இருப்பதும், அதனால் இயற்கைக் கதிர்வீச்சு நம் கடற்கரையில் கூடுதலாக இருப்பதும் உண்மை. வடக்கே கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளியிலும் அதே மணல். அங்கே திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்) சுமார் 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டது. அதற்குள் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஆனால் அதிகக் கதிர்வீச்சு உள்ள வீடுகளில் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை.

இந்தத் தம்பியின் வீட்டு விஷயம் வேறு. ஒரே தாய்வழியில், குறிப்பிட்ட உறுப்புகளில், ஒருவருக்கு 46 வயதிலேயே வருவது மணல் செய்கிற வேலை மாதிரி இல்லை.

சின்னவிளை

கருநாகப்பள்ளியில் எடுத்தது கருநாகப்பள்ளிக்கு. எங்கள் ஊரில் அப்படி வீடு வீடாக வந்து எண்ணுங்கள், பிறகு பேசுகிறேன்.

குழித்துறை டாக்டர்

அந்தக் கோரிக்கை நியாயம். அதில் உங்கள் பக்கம்தான் நான்.

நெறியாளர்

மணல் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இரண்டு பேரும் அங்கே போகலாம். இங்கே குடும்ப விஷயம் ஓடட்டும்.

கல்குளத்தான்

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் பதிவில் ஒரு விஷயத்தை எழுதவில்லை, எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சிக்கு 24 வயது. பெரிய மாமாவின் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறது. சின்ன வயதிலேயே முறை சொல்லி வளர்ந்தவர்கள், அவர்களுக்கும் விருப்பம்தான். தை மாதம் நிச்சயம். மாமி நேற்று அம்மாவை போனில் கூப்பிட்டு, 'இந்த டெஸ்ட் பேச்சு வெளியே போனால் என் மகனுக்கும் கெட்ட பெயர், உன் மகளுக்கும் கெட்ட பெயர். கல்யாணம் முடியட்டும்' என்று சொல்லியிருக்கிறார். அம்மாவும் சரி என்றுவிட்டார்.

ரப்பர் தோட்டம்

தம்பி, கல்யாணத்தை நிறுத்துங்கள். சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் வரும்.

நெய்யூர் அக்கா

என்ன ஓய், ஒரு வரியில் கல்யாணத்தை நிறுத்தச் சொல்கிறீர்? சொந்தத்தில் கட்டியதால் வந்த நோயா இது? டாக்டர் வந்து சொல்லட்டும்.

குழித்துறை டாக்டர்

அக்கா சொல்வது சரி. லிஞ்ச் சொந்தத்தில் கட்டியதால் வருவது அல்ல. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அயலில் கட்டினாலும் அதே கணக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அம்மா வழி என்பதால் பெண்களுக்கு மட்டும் வரும் என்பதெல்லாம் கிடையாது.

ஆனால் இந்த ஜோடிக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது, அதனால்தான் கல்யாணம் முடியட்டும் என்று விடக்கூடாது என்கிறேன். அம்மாவுக்கும் பெரிய மாமாவுக்கும் ஒரே கெட்ட ஜீன் இருந்தது என்று வைத்துக்கொள்வோம் (இன்னும் நிரூபிக்கப்படவில்லை). தங்கச்சிக்கு வந்திருக்க வாய்ப்பு பாதி, மாப்பிள்ளைக்குப் பாதி. இருவருக்கும் வந்திருக்க நாலில் ஒன்று. இருவருக்கும் இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பக்கமும் கெட்டதாகவே கிடைக்க நாலில் ஒன்று. மொத்தத்தில், இன்றைக்கு ஒன்றும் தெரியாத நிலையில், பதினாறில் ஒன்று. அப்படிப் பிறக்கிற குழந்தைக்குச் சின்ன வயதிலேயே மூளையில் கட்டி, ரத்தப் புற்று, குடல் புற்று வரும். உடம்பில் காபி நிறத் திட்டுகள் இருக்கும். மிக அரிது. ஆனால் இப்படிப்பட்ட குடும்பத்தில், இப்படிப்பட்ட சம்பந்தத்தில் வர வாய்ப்பு கூடுதல்.

பதினாறில் ஒன்று என்பது இப்போதைக்குத்தான். அம்மாவின் ரத்தத்தில் எந்த ஜீனில் எந்த இடத்தில் பிழை என்று தெரிந்துவிட்டால், தங்கச்சிக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். அவளுக்கு இல்லை என்று வந்தால் இந்தக் கவலை அங்கேயே முடிந்தது, நிம்மதியாகக் கல்யாணம் செய்யலாம். (மாப்பிள்ளைக்குத் தன் உடம்புக்காகத் தனியாகத் தேவைப்படும், அது வேறு.) இருவருக்கும் இருந்தால்கூடக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தை விஷயத்தில் முன்கூட்டியே சோதிக்க வழிகள் இருக்கின்றன. முடிவு அவர்கள் இருவருடையது. ஆனால் தெரிந்து எடுக்கட்டும்.

தோவாளை டீச்சர்

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு குழந்தை இருந்தாள். முகம் முழுக்கக் கரும்புள்ளி, வெயிலில் கண்ணே திறக்கமாட்டாள். பெற்றோர் மாமனும் அக்காள் மகளும். ஏதோ அம்மை போட்ட தழும்பு என்றுதான் ஊரில் சொன்னார்கள். அது என்ன நோய் டாக்டர்?

குழித்துறை டாக்டர்

பார்க்காமல் சொல்லக்கூடாது. நீங்கள் சொல்கிற அடையாளங்களுக்கு சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோயை முதலில் நினைப்போம். அதுவும் பழுதுபார்க்கும் வேலை கெட்டுப்போவதுதான். ஆனால் வேறு பிரிவு, வெயிலின் புறஊதாக் கதிரால் வரும் சேதத்தைச் சரிசெய்கிற பிரிவு. அந்தப் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்று காட்டிய அஸீஸ் சன்சாருக்கும் அதே 2015 நோபலில் பங்கு. அந்தக் குழந்தைகளுக்குப் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்று தொடங்கிவிடும். இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் வரும், அதனால் இதில் சொந்தத்தில் கட்டுவது உண்மையாகவே கணக்கில் வரும். பிறந்ததிலிருந்து வெயில் படாமல் காத்தால் நிறையத் தடுக்கலாம். அப்படிக் குழந்தை கண்ணில் பட்டால் பெற்றோரிடம் மெதுவாகச் சொல்லி தோல் டாக்டரிடம் அனுப்புங்கள் டீச்சர்.

லீட்ஸ் குலசேகரம்

நான் குலசேகரத்துப் பெண், இங்கிலாந்தில் குடல் நோய்ப் பிரிவில் நர்ஸ். இங்கே பெருங்குடல் புற்று வந்த எல்லோருடைய கட்டியிலும் டாக்டர் சொன்ன பரிசோதனையை வழக்கமாகவே செய்துவிடுகிறார்கள். கர்ப்பப்பைப் புற்றுக்கும் அப்படியே. நோயாளி கேட்க வேண்டியதில்லை. நம் ஊரில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

ஜீன் இருப்பதாகத் தெரிந்தால் என்ன லாபம் என்று வீட்டில் கேட்பார்கள். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 என்றால் 20–25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி (கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது). அதில் பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி) கண்டால் அங்கேயே எடுத்துவிடுவார்கள், அது புற்றாக மாறவே விடுவதில்லை. மாமாவுக்கு 36 வயதில் யாராவது இதைச் செய்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். ஆஸ்பிரினும் உதவும். 861 லிஞ்ச் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், தினம் 600 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பிற்பாடு பெருங்குடல் புற்று குறைந்தது, 2020-இல் நீண்டகால முடிவு வந்தது. ஆனால் டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், வயிற்றில் ரத்தம் கசியும். கர்ப்பப்பைக்கு இவ்வளவு நல்ல ஸ்கிரீனிங் (முன்கூட்டியே கண்டுபிடிக்கிற சோதனை) இல்லை. நேரம் தப்பி வருகிற ரத்தப்போக்கைப் பெண்கள் மறைக்கக்கூடாது, பிள்ளை பெற்று முடித்த பிறகு எடுத்துவிடுவதா என்று பேச வேண்டும்.

இன்னொன்று சொல்ல ஆசை. லிஞ்ச் பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்னால், 1895-இல் அமெரிக்காவில் மிச்சிகனில் வார்த்தின் என்ற பேராசிரியரிடம் அவருடைய தையல்காரப் பெண், 'எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்' என்றாளாம். அப்படியே போனாள். அவர் அந்தக் குடும்பத்தை எழுதி 1913-இல் வெளியிட்டார். பிற்காலத்து ஆராய்ச்சியெல்லாம் அந்தக் குடும்பத்தைத் தொட்டே போனது. ஒரு தையல்காரப் பெண் வாய்திறந்து சொன்னதால் கிடைத்தது. உங்கள் மாமிக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ரப்பர் தோட்டம்

மாமி தையல்காரப் பெண் கதை கேட்டு மனசு மாறுகிற ஆளா என்பதைத் தம்பிதான் சொல்ல வேண்டும். முதலில் நான் எழுதினதில் கொஞ்சம் வேகம். செலவு எப்படி? இன்சூரன்ஸ் காரனுக்குத் தெரிந்தால் பாலிசி கிடைக்காதே?

வடசேரி வக்கீல்

இன்சூரன்ஸ் பற்றி மட்டும். மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாகக் காரணம் காட்டி ஹெல்த் இன்சூரன்ஸ் கிளெய்மை மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்துகிற ஆணையம்) கம்பெனிகளுக்கு அதையொட்டி உத்தரவு போட்டது. அதற்காகப் படிவத்தில் கேட்கிற கேள்விக்கு மறைத்து எழுதாதீர்கள். மறைத்தால் அந்த ஒரு காரணத்தை வைத்தே கிளெய்மைத் தட்டிவிடுவார்கள், என் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கதை அதுதான்.

குழித்துறை டாக்டர்

செலவு லேபுக்கு லேப் மாறும். அம்மாவுக்குப் பல ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கிற முதல் டெஸ்ட்தான் காசு. பிறகு மற்றவர்களுக்கு ஒரே இடத்தைப் பார்ப்பது அதைவிட நிறையக் குறைவு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பரம்பரைப் புற்றுக்கென்றே கிளினிக் உண்டு, வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் பிரிவு உண்டு. பக்கம் என்றால் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த இடத்திலேயே எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் 'அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்' என்று வரலாம். நம் ஆட்களுக்கு அது அடிக்கடி வரும், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்கிற தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை. அதை வைத்து யாருக்கும் ஆபரேஷன் முடிவும் வேண்டாம், கல்யாண முடிவும் வேண்டாம். டெஸ்டுக்கு முன்னாலேயே ஆலோசகர் இதைச் சொல்ல வேண்டும். ஆன்லைனில் ஜீன் டெஸ்டுக்கென்று எச்சில் டப்பா வாங்கி அனுப்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நெய்யூர் அக்கா

மக்களே, மாமியை மிரட்டாதே. புருஷனை அந்த வயதில் பறிகொடுத்தவள். அவளுக்கு அந்த நோயின் பெயரே ஆகாது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசு, போனில் வேண்டாம். நீ பேசுவதைவிட அம்மா பேசுவது நல்லது. அதையும்விட, மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லு. அவனுக்கு 'உன் கல்யாணம்' என்று பேச்சை எடுக்காதே. 'உன் அப்பாவுக்கு 46-இல் வந்தது, நீ ஒரு தடவை குடலைப் பார்த்துக்கொள்' என்று எடு. அது அவன் உயிர், அவனுக்குத் தெரியாமல் பெரியவர்கள் பூட்டி வைக்க என்ன உரிமை? சின்ன மாமாவையும் விட்டுவிடாதே, இப்போது நன்றாக இருக்கிறார் என்பதால் அவருக்கு இல்லை என்று ஆகாது.

கல்குளத்தான்

கொஞ்ச நாள் வர முடியவில்லை, மன்னிக்கவும். என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

சாய டெஸ்ட் ரிசல்ட் வந்தது. எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் இல்லை. டாக்டர் இங்கே எழுதின ஜோடி அப்படியே. அம்மாவின் ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

மாமி வீட்டுக்கு அம்மாவும் நானும் போனோம். அம்மா நான் நினைத்த மாதிரி எதுவும் பேசவில்லை. இமையில் தையல் போட்ட இடத்தைக் காட்டி, 'அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு போல மதினி' என்று மட்டும் சொன்னார். மாமி அழுதார், பிறகு கோபப்பட்டார், பிறகு சாப்பிடச் சொன்னார். சரி என்று சொல்லவில்லை. ஆனால் மச்சான் வெளியே வந்து பைக் பக்கத்தில் வைத்து என்னிடம் எல்லாவற்றையும் கேட்டான். இந்த இழையை அவனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, கொலனோஸ்கோபிக்குத் தானே தேதி வாங்கிவிட்டான். நிச்சயத்தைத் தள்ளலாம் என்று தங்கச்சியே சொல்லிவிட்டாள், காரணம் கேட்டவர்களுக்கு அம்மா கண் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறோம். சின்ன மாமா மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

ஒரு சந்தேகம். மச்சானுக்குக் காலை நேரத்தில் திருவனந்தபுரத்தில் தேதி. முந்தின ராத்திரி ஏதோ மருந்து குடிக்க வேண்டுமாம். குடித்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் போய்விடலாமா?

குழித்துறை டாக்டர்

எம்.எஸ்.எச்.2 இல்லை என்பதைப் பார்த்தால், ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மச்சான் தேதி வாங்கியது சரியான முடிவு. அப்பாவுக்கு அந்த வயதில் வந்தது என்பதே போதிய காரணம். அம்மாவுக்கும் கொலனோஸ்கோபி பற்றி டாக்டரிடம் கேளுங்கள், எல்லோரும் இமையையே பார்த்துக்கொண்டிருப்பதில் இது விட்டுப்போகக்கூடாது.

நெய்யூர் அக்கா

பஸ்ஸா! அந்த மருந்தைக் குடித்தவன் களியக்காவிளை தாண்டமாட்டான். முந்தின நாள் மத்தியானமே போய் மெடிக்கல் காலேஜ் பக்கம் லாட்ஜில் அறை எடுக்கச் சொல்லு, கழிப்பறை உள்ளேயே இருக்கிற அறையா என்று கேட்டு எடுக்கட்டும். இரண்டு மூன்று நாளாகக் கீரை, விதையுள்ள பழம் வேண்டாம். கடைசி நாள் அவர்கள் சொல்கிறபடி கஞ்சித்தண்ணீர், இளநீர், பாலில்லாத சாயா மாதிரி தெளிந்தது மட்டும். இரும்புச் சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறானா என்று கேள், அதை ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள். மயக்கம் கொடுத்துச் செய்தால் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, அதனால் கூட ஒரு ஆள் போக வேண்டும். நீ போ.